பசியின்மை என்னும் பிழைப்பெயர்

'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்ற மேனாட்டு வைத்தியப் பதத்தை நம்மவர் சிலர் 'பசியின்மை' என்று தமிழ்ப்படுத்தி எழுதி வருகின்றனர். இது வெறும் மொழிக் குற்றமாயின் நாம் வாளாவிருப்போம். பசியின்மை என்று படிக்கும் தகப்பனார் பசியைத் தூண்டும் லேகியத்தைத் தேடிப் போவார். வைத்தியம் தொடங்கவேண்டிய மாதங்கள் வீணாகும். ஆகவே இதைப்பற்றி எழுதுவது அவசியமாகிறது.

காய்ச்சலில் பசி மந்திப்பது வேறு, இந்நோய் வேறு. இதனால் பீடிக்கப்பட்டவர், உடல் பருத்துவிடுமோ என்ற கடும் அச்சத்தால் உணவைக் குறைத்துக்கொண்டே போகிறார். எலும்பும் தோலுமான பின்னும் தம் உடல் பருமனென்றே அவருக்குத் தோன்றக்கூடும். பசியோ பெரும்பாலும் உள்ளே இருந்து வருத்திக்கொண்டேயிருக்கும். மனநோய்களுள் மிகுதியாக உயிரைக் குடிப்பவற்றில் இது ஒன்று. அமெரிக்கப் பாடகி காரென் கார்ப்பென்டர் 1983-ல் தமது 32-ஆம் வயதில் மாண்டது இந்நோயின் விளைவாலேயே.

பிழை மூலப் பெயரிலேயே இருக்கிறது. கிரேக்க மொழியில் 'ஒரெக்ஸிஸ்' என்றால் பசி அல்லது விருப்பம். முன்னிற்கும் 'அன்' இன்மையைக் குறிக்கும். 1873-ல் லண்டனில் ஸர் வில்லியம் கல்லும், பாரிஸில் லாஸேக்கும் தனித்தனியே இந்நோயை வர்ணித்தனர். லாஸேக் இதற்கு 'ஹிஸ்டீரியா'வைச் சார்த்திப் பெயரிட்டார். ஆடவர்க்கும் இது உண்டென்று கண்ட கல், 'நரம்பு சார்ந்த' என்று பொருள்படும் அடைமொழியையே விரும்பினார். அவ்வாறிருந்தும், இது பெண்களின் பகட்டு என்னும் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய் விளக்க நூல், தக்க எடையைக் காக்க 'மறுத்தல்' என்பதை முன்பு இந்நோயின் இலக்கணமாகக் கூறிற்று. 2013-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அச்சொல் நீங்கி, உணவைக் 'குறைத்தல்' என்பது புகுந்தது. மாறியது ஒரு சொல்லே எனினும் வித்தியாசம் சிறிதன்று. மறுத்தல் என்றால் வேண்டுமென்றே செய்த குற்றம் என்றாகிறது. நோயாளியின் மீது அக்குற்றத்தைச் சாட்ட நியாயமில்லை.

தேசத் தொண்டர்களுக்கும் ஒன்று கூறுவோம். 1929-ல் லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த ஜதீந்திரநாத் தாஸைத் தேசம் மறவாது. அது விரதம், அதற்குக் கோரிக்கை இருந்தது, கோரிக்கை நிறைவேறியிருப்பின் விரதமும் முடிந்திருக்கும். இந்நோயிலோ கோரிக்கையுமில்லை, நினைத்தபோது முடித்துக்கொள்ளும் சுதந்திரமுமில்லை. ஆகவே நோயுற்றவரைப் பிடிவாதக்காரர் என்று ஏசுவது அநீதி. மனவுறுதி படைத்தவர் என்று மெச்சுவது அதனினும் ஆபத்து. எதிர்க்கட்சியாரின் உண்ணாவிரதத்தை மேடையில் இந்நோயின் பெயரால் எள்ளுவது இரு சாராரையும் அவமதிப்பதாகும்.

மெலிந்தவர் யாவரும் இந்நோயாளிகள் அல்லர். ஒல்லியான பெண்ணை இப்பெயரால் பரிகசிப்பதும் தகாது. நோயுற்றவரை நோயின் பெயரிட்டு அழையாமல், இந்நோய் உடையவர் என்றே குறிக்கவேண்டும். தக்க தமிழ்ச்சொல் அமையும்வரை மூலப்பெயரையே தமிழெழுத்தில் எழுதி, 'பருமனாகும் அச்சத்தால் உணவைக் குறைக்கும் மனநோய்' என்று ஒருவரி விளக்கம் சேர்ப்போமாக. தமிழ்ப்பற்றில் நாம் எவர்க்கும் பின்னிட்டவரல்லோம். எனினும், ஒரு வீட்டார் மனநோய் வைத்தியரை நாடத் தாமதிப்பதற்கு நமது பத்திரிகைகளின் ஒரு சொல் காரணமாகலாகாது.