ரோட்டு பள்ளத்தில் விழுந்தால் யார் பொறுப்பு? நஷ்டஈடு கேட்க வழி இருக்கு!

ஓசூர்,

சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார் ஒரு தொழிலாளி. லைட் இல்லாத இடத்தில் பள்ளம். விழுந்து கால் உடைகிறது. போலீஸ் ஸ்டேஷனில் என்ன எழுதுவார்கள்? பெரும்பாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி தானாக விழுந்தார்" என்றுதான். 'நம்ம தலையெழுத்து' என்று குடும்பமும் விட்டு விடுகிறது.

ஆனால் சட்டம் அப்படி சொல்லவில்லை. ரோட்டை போட்டவருக்கும், பராமரிப்பவருக்கும் பொறுப்பு உண்டு.

17 பேர் பலியான ரோடு

ஓசூர்-கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை விபத்துக்கு பேர் போனது. 2016-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி மேலுமலை அருகே லாரியும் தனியார் பஸ்சும் மோதிய விபத்தில் 17 பேர் பலியானார்கள். 2022-ல் மட்டும் தமிழகத்தில் சாலை விபத்துகளில் 17 ஆயிரத்து 884 பேர் இறந்ததாக மத்திய அரசு கணக்கு சொல்கிறது.

வண்டியோடு வண்டி மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாம். பள்ளத்தில் தானாக விழுந்தவர் யாரிடம் கேட்பது? அங்கேதான் ரோட்டின் சொந்தக்காரர் வருகிறார்.

ரோடு யாருடையது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். அதை ஒட்டிய சர்வீஸ் ரோடும் பொதுவாக அவர்கள் கையில்தான். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட சாலை என்றால் தமிழக நெடுஞ்சாலைத்துறை. ஊருக்குள் தெரு ரோடு என்றால், 2019-ல் மாநகராட்சியான ஓசூரில் மாநகராட்சி நிர்வாகம். கிராமம் என்றால் ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம்.

ஒரே ரோடு ஊருக்குள் வந்ததும் கை மாறும். அதனால் "இது எங்க ரோடு இல்லை" என்று ஒரு ஆபீசில் இருந்து இன்னொரு ஆபீசுக்கு அலைய விடுவார்கள். அடையாளம் காண ஒரு சுலபமான வழி, மைல்கல். தலைப்பகுதியில் மஞ்சள் பெயிண்ட் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

ரூ.1 லட்சம் அபராதம்

மோட்டார் வாகன சட்டத்தில் 2019-ல் 198-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ரோட்டின் டிசைன், கட்டுமானம், பராமரிப்பு விதிப்படி இல்லாததால் யாராவது இறந்தாலோ, ஊனமானாலோ சம்பந்தப்பட்ட துறை, காண்டிராக்டர், ஆலோசனை நிறுவனம் ஆகியோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்த பணம் குடும்பத்துக்கு வராது. அரசின் விபத்து நிதிக்கு போகும். குடும்பம் தனியாக நஷ்டஈடு கேட்க வேண்டும். ஆனால் இந்த பிரிவில் ஒரு முக்கிய விஷயம் இருக்கிறது. ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரியுமா, எச்சரிக்கை போர்டு வைத்தார்களா என்பதையும் கோர்ட்டு பார்க்கும்.

கோர்ட்டுகள் என்ன சொல்லின?

டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் மீது காய்ந்த மரக்கிளை முறிந்து விழுந்து அவர் இறந்து போனார். அந்த வழக்கில் மாநகராட்சிதான் பொறுப்பு என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

மும்பை ஐகோர்ட்டு 2025 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போனது. ரோட்டு பள்ளம், திறந்து கிடக்கும் சாக்கடை குழியால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.6 லட்சமும், காயம் அடைந்தவர்களுக்கு ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2½ லட்சம் வரையும் தர உத்தரவிட்டது. அது மராட்டிய மாநிலத்துக்கான உத்தரவு. என்றாலும் இங்கே கேஸ் போடுகிறவர்கள் அதை எடுத்துக்காட்டலாம்.

எங்கே கேஸ் போடுவது?

வேறு வண்டியும் மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்கு போக வேண்டும். ரோட்டு கோளாறும் காரணம் என்றால் அந்த துறையையும் எதிர்மனுதாரராக சேர்க்க கேட்கலாம். ரெயில்வே கேட் விபத்து வழக்கு ஒன்றில், வண்டிக்காரரோடு ரெயில்வேயையும் தீர்ப்பாயத்தில் சேர்க்கலாம் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. 6 மாதத்துக்குள் மனு போட்டு விடுவது நல்லது. 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் அந்த கெடு இருக்கிறது.

ஜூஜூவாடியை தாண்டி அத்திப்பள்ளி பக்கம் அடிபட்டாலும் கவலை வேண்டாம். தீர்ப்பாய மனுவை குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

பள்ளத்தில் தானாக விழுந்த கேஸ் என்றால் சிவில் கோர்ட்டு அல்லது ஐகோர்ட்டில் ரிட் மனு. அரசு மீது சிவில் கேஸ் போடும் முன் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஹெல்மெட் போடாதது, குடித்து விட்டு ஓட்டியது போன்றவை நஷ்டஈட்டை குறைத்து விடும்.

பள்ளத்தை மூடும் முன்...

விபத்து நடந்த மறுநாளே ஜல்லி கொட்டி பள்ளத்தை மூடி விடுவார்கள். சாட்சியும் அதோடு மூடப்பட்டு விடும். எனவே ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போனால், இன்னொருவர் விபத்து நடந்த இடத்துக்கு போக வேண்டும். பள்ளம், மைல்கல், எரியாத தெருவிளக்கு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுக்க வேண்டும். போலீசில் கொடுக்கும் புகாரில் ரோட்டின் நிலையை தெளிவாக எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கை நகல், டாக்டர் சீட்டு, மருந்து பில் எதையும் தூக்கிப்போடக்கூடாது.

அடிபட்ட பிறகுதான் என்று இல்லை. உங்கள் ஏரியாவில் ஆபத்தான வளைவு, பள்ளம் இருந்தால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் புகார் செய்யலாம். "எங்களுக்கு தெரியாது" என்று நாளை அதிகாரிகள் சொன்னால், அந்த ரசீதுதான் பதில்.

வக்கீல் பீஸ் கொடுக்க வசதி இல்லையா? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு மட்டும் அல்ல, ஆலை தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெற சட்டத்தில் உரிமை இருக்கிறது. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கம்பெனி அடையாள அட்டையை காட்டி கேட்கலாம்.