பட்டை இருக்கிறது, பட்டறை எங்கே?

காஞ்சிபுரம் என்றதும் பட்டைச் சொல்வார்கள், கோயிலைச் சொல்வார்கள். கொல்லரைச் சொல்வாரில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்த்து வியக்காத யாத்ரீகர் கிடையாது. ஒரே கல்லிலிருந்து வளையம் வளையமாக அதைப் பிரித்தெடுத்த உளி யார் உலையில் பிறந்தது, வேலை செய்யச் செய்ய மழுங்கிய அதன் முனையை யார் மறுபடி அடித்துக் கொடுத்தார் என்று கேட்பவர் அரிது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு ஆணியும் கொக்கியும், மடப்பள்ளிக்கு அரிவாள்மணையும், பாலாற்றங்கரை வயலுக்குக் கதிர் அறுக்கும் அரிவாளும், வீட்டு அடுக்களைக்குக் கத்தியும் ஒரு காலத்தில் உள்ளூர் உலையிலிருந்துதான் வந்தன. அந்தக் கத்தி பெரும்பாலும் புது இரும்பு அல்ல. எங்கோ உழைத்து ஓய்ந்த இரும்பு அது.

கொல்லருக்கு ஊரில் இருந்த இடத்துக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர், காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு ஜாகீரில் 2,000 ஊர்களுக்கு மேல் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு விளைச்சல், களத்தில் நெல் அளக்கும்போது யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஊர் ஊராக எழுதிய கணக்கு. கோயிலுக்கும் ஏரிக்கும் பங்கு ஒதுக்கிய அதே களத்தில் கொல்லருக்கும் தச்சருக்கும் பங்கு ஒதுக்கினார்கள். ஊருக்குள் வேளாண்மை நடக்கும்வரை உலையும் எரியும் என்ற ஏற்பாடு அது. அரிவாள் மழுங்கினால் குடியானவர் உலைக்கு எடுத்துப் போனார். கொல்லர் அடித்துத் தீட்டிக் கொடுத்தார். கணக்கு அறுவடையில் தீர்ந்தது.

அன்று கொல்லருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, இரும்புக்குத்தான் பஞ்சம். அதனால் எதுவும் வீணாகவில்லை. தேய்ந்த கொழு களைக்கொட்டாகும், உடைந்த மண்வெட்டி கரண்டியாகும், மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா அறுந்தால் அரிவாள்மணைக்கு அடியாகும். வண்டிப் பட்டா இளகிய இரும்பு. அதை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதற்கும் கொல்லர் வழி வைத்திருந்தார். கத்தியின் உடம்புக்கு இளகிய இரும்பு, வாய்க்கு மட்டும் எஃகு. கிடைத்த சிறு எஃகுத் துண்டை இரும்போடு சேர்த்து, பொறி பறக்கும் வெண்சூட்டில் அடித்து ஒட்டவைத்தார். பழைய அரம் கிடைத்தால் அவருக்குக் கொண்டாட்டம்தான். அரத்தில் கரிச்சத்து 1 சதவீதத்தையும் தாண்டும், அந்த வாய் வருஷக்கணக்கில் கூர் பிடிக்கும். கையில் எஃகு கொஞ்சமாக இருந்ததால் அதை எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவு நிறைய இருந்தது. இந்தச் சிக்கனத்தை வறுமை என்று நான் சொல்லமாட்டேன்.

இரும்பு இந்த மண்ணுக்கு நேற்று வந்ததும் அல்ல. மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழிகளில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்தன. மூடிய மண் மூசையில் இரும்பையும் கரியையும் வைத்து உருக்கி எடுத்த தென்னிந்திய எஃகு கடல் கடந்து போய்ப் புகழ்பெற்ற வாள்களானது. மின்சாரத்தை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன்பு லண்டனில் உட்கார்ந்து இந்த எஃகின் ரகசியத்தைத் தேடினார். அந்தப் பெருமை மேடையில் பேசுவதற்குப் போதும். அடுக்களைக் கத்திக்கு அதைவிட அருகில் ஒரு கதை இருக்கிறது.

அந்தக் கதையைக் கொண்டுவந்தது லாரி. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. லாரியும் பஸ்ஸும் பெருகின. அவற்றின் அடியில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் தேய்ந்தும் உடைந்தும் காயலான் கடைக்கு வந்தன. கொல்லர்கள் அவற்றைக் கண்டதும் புரிந்துகொண்டார்கள். சுமையில் வளைந்து, சுமை இறங்கியதும் நிமிர்ந்து, லட்சக்கணக்கான முறை இதையே செய்ய வேண்டிய உலோகம் சாதாரண இரும்பாக இருக்க முடியாது. ஸ்பிரிங் பட்டையில் கரிச்சத்து சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். கூடவே சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீசோ சேர்த்திருப்பார்கள். கத்திக்கு இது மெத்தப் பொருத்தம். கூரும் பிடிக்கும், எளிதில் உடையவும் உடையாது. வாய்க்குத் தனி எஃகு தேட வேண்டிய காலம் முடிந்தது, முழுக் கத்தியும் எஃகானது. அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியிலும் இந்தப் பட்டைதான் மூலப்பொருள்.

பட்டை எப்படிக் கத்தியாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் பட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள். பல வருஷம் வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நல்ல பட்டை கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டி உலையில் வைப்பார்கள். அன்று தோல் துருத்தி ஊதியது, அதை இழுக்க வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பின்னால் கையால் சுற்றும் சக்கரம் வந்தது. இன்று மின்விசிறி ஊதுகிறது. கரி மட்டும் மாறவில்லை, சீமைக்கருவேலங்கரி இருந்தால் நல்லது என்பார்கள். பழுத்த பட்டையைக் குறட்டில் பிடித்துப் பட்டடையில் வைத்ததும், ஒருவர் சுத்தியால் இடம் காட்ட எதிரில் நிற்பவர் சம்மட்டியை இறக்குவார். பல பட்டறைகளில் பட்டடையே பழைய தண்டவாளத் துண்டுதான். சிவப்பு மங்கிய பிறகு அடித்தால் பட்டை வெடிக்கும். அதனால் நிறம் பார்த்து அடி, நிறம் போனால் உலை. வடிவம் வரும்வரை இதே சுற்று.

இதுவரை செய்ததை முரட்டுக் கையும் பொறுமையும் உள்ள யாரும் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். கத்தியின் உயிர் இதற்குப் பிறகு வரும் சில நிமிஷங்களில் இருக்கிறது. தோய்ச்சல் என்பார்கள். கத்தியை மறுபடி சூடேற்ற வேண்டும், அதுவும் வாய் முழுதும் ஒரே சீராக. சுமார் 770 டிகிரியைத் தாண்டும்போது எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே, பழுத்த சிவப்பில், எடுத்துத் தோய்க்க வேண்டும். பட்டறை எப்போதும் இருட்டாக இருப்பதன் காரணம் இதுதான். வெயிலில் சூட்டின் நிறம் தெரியாது. ஸ்பிரிங் எஃகை எண்ணெயில் தோய்ப்பது பாதுகாப்பு. தண்ணீரில் போட்டால் திடீர்க் குளிர்ச்சி தாங்காமல் வாயில் கீறல் விடலாம். தண்ணீரிலேயே தோய்க்கும் அனுபவசாலிகளும் உண்டு, அவர்கள் வாயை மட்டும் நனைத்து முதுகில் சூட்டை விட்டுவைப்பார்கள்.

தோய்த்த கத்தி கண்ணாடிபோல் இறுகியிருக்கும், கீழே விழுந்தால் உடையும். ஆகவே அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வாயைக் கல்லில் ஒரு தேய் தேய்த்து வெளுப்பாக்கி, முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார் ஆசாரி. வெளுத்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும். அது 200 டிகிரிக்குச் சற்று மேலே உள்ள சூடு. கத்திக்கு அங்கேயே நிறுத்த வேண்டும். விட்டால் பழுப்பு, ஊதா, பிறகு நீலம். நீலம் ஏறினால் சுமார் 300 டிகிரி, அது ஸ்பிரிங்குக்கு ஆகும், காய் நறுக்க ஆகாது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே கண் சிமிட்டும் நேரம்தான். வெப்பமானி இல்லாமல் இதைப் பிடிக்கிற கண் பல வருஷம் உலைக்கு முன்னால் நின்றால்தான் வரும்.

அந்தக் கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் என் கவலை. டயர் வண்டி வந்தது, பட்டா போடும் வேலை போனது. டிராக்டர் வந்தது, கொழு அடிக்கும் வேலை போனது. அறுவடை இயந்திரம் வந்தது, அரிவாள் வேலை போனது. களத்து நெல் எப்போதோ நின்றுவிட்டது. அடுக்களையிலும் அரிவாள்மணை ஓரம் போய், பிளாஸ்டிக் பிடி போட்ட துருப்பிடிக்காத கத்தி வந்து உட்கார்ந்தது. துருப்பிடிக்காது என்ற ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலிவு விலையில் வருபவற்றில் பல, சில மாதங்களில் தக்காளித் தோலைக்கூட நசுக்கத் தொடங்கிவிடும். சாணை பிடிக்கிறவர் வீதியில் வருவதும் குறைந்துவிட்டதால் அவை நேராகக் குப்பைக்குப் போகின்றன. ஒரு பட்டைக் கத்தி அதே வீட்டில் தலைமுறை தாண்டித் தேய்ந்து தேய்ந்து விரல் அகலம் ஆகும்வரை உழைத்திருக்கும்.

இன்று தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் கூடாரம் அடித்துக் கத்தியும் அரிவாளும் அடித்து விற்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கமிருந்து ஊர் ஊராக வருகிறார்கள். ஆண் குறட்டைப் பிடிக்க, பெண் சம்மட்டி இறக்குகிறார். பட்டை அதே லாரிப் பட்டை. கண்முன் செய்து, கண்முன் தீட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஊர் உலை அணைந்த இடத்தை அவர்கள் உழைப்பு நிரப்புகிறது. அவர்களிடம் பேரம் பேசி வாட்டுவது சரியல்ல.

சட்டத்தின் பார்வையும் மாறியிருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளுக்கு எதிரான பெரிய சோதனை நடத்தியபோது, கத்தி, அரிவாள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குவோரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணைக் குறித்து வைக்க வேண்டும், முன்பின் தெரியாதவருக்கு விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. இது தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் பழைய ஊர்க் கொல்லருக்கு ஏடு தேவைப்படவில்லை. யார் வீட்டு அரிவாள், எதற்கு என்பது அவருக்குத் தெரியும்.

கத்தி செய்கிற ஆசை மட்டும் சாகவில்லை. லேத் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள், தேய்ந்த பெரிய ரம்பப் பிளேடை அரைத்துத் தங்கள் வீட்டுக்குக் கத்தி செய்துகொள்கிறார்கள். உடைந்த ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையைத் தீட்டி மறுமுனையில் துணி சுற்றிய கத்தி மின்வேலைக்காரர் பையிலும் பூக்கடையிலும் கிடக்கும். அதிவேக எஃகில் செய்த பிளேடானால் தோய்ச்சலே தேவையில்லை, 500 டிகிரி வரை சூடேறினாலும் இறுக்கம் போகாது. காணொளி பார்த்துக் கிரைண்டரோடு இறங்குகிற இளைஞர்களும் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தை. கட்டடக் கம்பியில் கத்தி செய்யாதீர்கள், கரிச்சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டாது, எப்படித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய அளவு இறுகாது. துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்காதீர்கள், அந்தப் புகை விஷம். ஸ்பிரிங் பட்டையைக் கிரைண்டரில் அரைக்கும்போது வாய் நீலமாக மாறினால் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம், அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். 9 அங்குலத்துக்கு நீளமான அலகோ 2 அங்குலத்துக்கு அகலமான அலகோ வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

என்னை உறுத்துவது ஒரு முரண். அன்று கைகள் நிறைந்திருந்தன, எஃகு அரிதாக இருந்தது. இன்று எஃகு நம் வாசலிலேயே குவிகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் செய்கிறது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் வந்தன. பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரி ஓடுகிறது. மெக்கானிக் ஷெட்டுகளின் மூலையில் உடைந்த பட்டைகள் சாய்ந்து கிடக்கின்றன. எடைக்குப் போய் மறுபடி உருகி எங்கோ கம்பியாகின்றன. கத்தியாக நிற்கத் தகுந்த எஃகைக் கம்பிக்கு உருக்குவது நஷ்டம்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, தள்ளுபடி இருக்கிறது. நெசவாளருக்கு அதுவும் போதவில்லை என்பது உண்மை. கொல்லருக்கு அவ்வளவுகூட இல்லை. 2025 ஏப்ரலில் இதே மாவட்டத்துக் குன்றத்தூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. உலோக வேலையும் அதில் சேரும். நல்ல தொடக்கம். ஆனால் கடன் உலையை வாங்கித் தரும், மஞ்சள் நிறத்தில் நிறுத்தத் தெரிந்த கண்ணை வாங்கித் தராது. வயதான ஆசாரியை மாதச் சம்பளத்தில் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அழைத்து, பிட்டர் படிக்கும் பிள்ளைகள் முன்னால் தோய்ச்சல் போடச் சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. காயலான் கடைப் பட்டையும் ஒரு டின் எண்ணெயும் போதும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அடுக்களைக் கத்தி வாங்க நினைக்கும்போது, உங்கள் ஊரில் உலை எரிகிற பட்டறை எது என்று விசாரியுங்கள். நேரில் போய், எதை நறுக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஆசாரி கேட்கும் கூலியைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்த கத்தியை நறுக்கி முடித்ததும் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள், அதே பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.