13 அங்குலத்தில் ஒரு நடமாடும் வீடு

சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டிதான் மோட்டார்ஹோம். 1973 முதல் 1978 வரை அமெரிக்காவில் ஜி.எம்.சி. நிறுவனம் தயாரித்த மோட்டார்ஹோம் இவற்றில் தனி அழகு. என்ஜின் முன்சக்கரங்களையே சுழற்றியதால், தரைக்கடியில் பின்சக்கரம் வரை நீளும் தண்டு தேவைப்படவில்லை. வண்டியின் தளமும் தாழ்வாக அமைந்தது.

அதன் 26 அடி நீள வகையை 24-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியாகச் சுருக்கினால் கச்சிதமாக 13 அங்குலம்!

கடையில் வாங்கிய மாதிரிப் பெட்டி இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்தே இந்த மாதிரியை உருவாக்கலாம். இதற்கு ஏற்றது பாலிஸ்டைரின். சி.டி. பெட்டிகள் செய்யும் அதே குடும்பத்துப் பொருள்தான். தகட்டை முழுக்க அறுக்க வேண்டியதில்லை. இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் இரண்டு முறை கீறி, மெல்ல வளைத்தால் போதும், கோடு பிசகாமல் 'டக்'கென்று முறியும்.

ஒட்டுவது இன்னும் சுவாரஸ்யம். இதற்கான திரவம் உண்மையில் பசையே அல்ல, கரைப்பான். இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டு ஆவியாகிவிடும். அளவு கூடினால் மெல்லிய தகடு நெளிந்துபோகும். அதனால், நீளமான பக்கச்சுவர் வளையாமல் நிற்க, உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைப்பார்கள். வளைந்த கூரை மூலைகளுக்கு, தகட்டைக் குழாயில் சுற்றிக் கட்டி வெந்நீர் ஊற்றுவார்கள். ஆறிய பிறகும் வளைவு அப்படியே நிற்கும்.

ஜன்னல்களைக் கடைசியில் பொருத்தும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால், கண்ணாடி போன்ற தகட்டில் வெண்புகை படிந்துவிடும். அதனால் அங்கே, காய்ந்ததும் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசைதான்.