ஒரே வழித்தடம், இரு வேகங்கள்
இஸ்தான்பூல் நகரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்



இஸ்தான்பூல் என்றதும் உங்கள் உள்ளத்தில் எழும் காட்சி எது? நீலப் பள்ளிவாசலின் ஆறு மினாராக்களா? தோப்காபி அரண்மனையின் உயர்ந்த மதில்களா? ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரித்து ஓடும் பாஸ்பரஸ் நீரிணையா? இவையனைத்தையும் கண்டு திரும்புவோர் பலரும் கவனியாமல் விட்டுவிடும் ஓர் அதிசயம் அந்நகரில் உண்டு. அது 76 கிலோ மீட்டர் நீளமுள்ள ஓர் இருப்புப் பாதை. அன்றாடம் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும், தலைநகர் அங்காராவிலிருந்து அதிவேக இரயிலில் வரும் பயணியும், பல நாடுகளைக் கடந்து வரும் சரக்கும் பங்கிட்டுக் கொள்ளும் பாதை அது. அந்தப் பங்கீடு எவ்வாறு அமைந்தது, அதற்காக யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சற்றே சிந்திப்போம்.

சுல்தான்கள் கண்ட கனவு

இப்பாதையின் வரலாறு உதுமானிய ஆட்சிக் காலத்தில் தொடங்குகிறது. 1871-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கரையில் முதல் இரயில் ஓடியது. மறு ஆண்டு அப்பாதை நகரின் நடுவிலுள்ள சிர்கேஜி வரை நீண்டபோது, தோப்காபி அரண்மனைத் தோட்டத்தின் ஊடே அதனைக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. சுல்தான் அப்துல் அஸீஸ் அதற்கு இசைவளித்தார். தம் முன்னோரின் தோட்டத்தையே இரயிலுக்கு விட்டுக்கொடுத்த மன்னர் அவர்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆசியக் கரையிலும் ஹைதர் பாஷாவிலிருந்து இருப்புப் பாதை புறப்பட்டது. இன்று அங்கே கடலோரத்தில் கோட்டை போல் நிற்கும் நிலையக் கட்டடம், ஹிஜாஸ் இரயில் 1908-இல் மதீனா மாநகரை எட்டிய அதே காலத்தில் எழுந்ததாகும்.

இரு கரைகளிலும் இரயில் இருந்தது. இடையில் கடலும் இருந்தது. அதனைக் கடலடியில் இணைக்கும் திட்டம் சுல்தான் அப்துல் மஜீத் காலத்திலேயே, 1860-இல் வரைபடமாகத் தீட்டப்பட்டது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் காலத்தில், 1902-இல் மற்றொரு வரைபடம் உருவாயிற்று. இரண்டும் தாளோடு நின்றுவிட்டன. கனவு நனவாக நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நகருக்குள் இடமில்லை

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கி அரசு அதிவேக இரயில் பாதைகளை அமைக்க முனைந்தது. அங்காராவையும் இஸ்தான்பூலையும் இணைக்கும் 533 கிலோ மீட்டர் பாதையில் மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டிகள் ஓட வேண்டும் என்பது திட்டம். திறந்த வெளியில் புதுப் பாதை போடலாம், மலையைக் குடையலாம். ஆனால் ஒன்றரைக் கோடி மக்கள் நெருங்கி வாழும் ஒரு நகருக்குள் புதிதாகப் பாதை வெட்டுவதென்றால் எத்தனை வீடுகளை இடிப்பது? எத்தனை குடும்பங்களைப் பெயர்ப்பது?

ஆகவே பழைய புறநகர் இரயில் பாதையையே புதுப்பித்து, அதில் அதிவேக வண்டிக்கும் இடமளிப்பதென முடிவாயிற்று. முன்பு இரண்டு தடங்கள் இருந்த வழியில் மூன்று தடங்கள் அமைக்கப்பட்டன. இரண்டு தடங்கள் புறநகர் வண்டிகளுக்கு. மூன்றாவது தடம் வெளியூர் வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும். நிறுத்தத்திற்கு நிறுத்தம் நின்று செல்லும் வண்டியும், நில்லாமல் விரையும் வண்டியும் ஒரே வழித்தடத்தில் இயங்குவதால், இரு வகையான சைகை முறைகளை ஒருங்கே பொருத்த வேண்டியதாயிற்று. கடலடிச் சுரங்கத்தில் மட்டும் இரண்டே தடங்கள். அங்கே அனைவரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் சென்றாக வேண்டும்.

மர்மரா கடலின் பெயரையும், இரயில் தண்டவாளத்தைக் குறிக்கும் 'ராய்' என்ற துருக்கிச் சொல்லையும் இணைத்து இத்திட்டத்திற்கு 'மர்மராய்' எனப் பெயரிட்டனர்.

மண்ணுக்குள் கிடந்த துறைமுகம்

2004-இல் பணி தொடங்கியது. ஜப்பானியப் பொறியாளர்களின் துணையுடன், முன்னரே வார்க்கப்பட்ட பதினொரு பெரும் கான்கிரீட் குழாய்கள் பாஸ்பரஸின் அடியில், நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் ஆழம் வரை இறக்கிப் பொருத்தப்பட்டன. அண்மையிலேயே நிலநடுக்கப் பிளவு ஒன்று செல்வதால், கடும் அதிர்ச்சியையும் தாங்கும் வண்ணம் இணைப்புகள் அமைக்கப்பட்டன.

கடல் வழிவிட்டது, நிலம்தான் தடுத்தது. யெனிகாபி என்னுமிடத்தில் நிலையத்திற்காகத் தோண்டியபோது, பைஸாந்தியப் பேரரசின் துறைமுகம் ஒன்று வெளிப்பட்டது. 37 பழங்கப்பல்களின் சிதைவுகள் கிடைத்தன. அவற்றுக்கும் கீழே ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்களின் சுவடுகள்! ஆய்வாளர்கள் பணி முடிக்கும்வரை பொறியாளர்கள் காத்திருந்தனர். 2009-இல் முடியவேண்டிய சுரங்கம் 2013 அக்டோபர் 29 அன்றுதான் திறக்கப்பட்டது. உஸ்குதாரிலிருந்து சிர்கேஜிக்கு நான்கே நிமிடங்கள்!

காத்திருந்த மக்கள்

வாசகர்களே, இதுவரை சொன்னது பெருமையின் கதை. இனிச் சொல்லப் போவது பொறுமையின் கதை.

நீங்கள் ஆசியக் கரையில் பெந்திக்கிற்கு அப்பால் வசிக்கும் ஒரு குடும்பத் தலைவர் என வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புறநகர் இரயிலேறி ஹைதர் பாஷாவில் இறங்கி, படகில் அக்கரை சென்று வேலை பார்ப்பது உங்கள் வழக்கம். 2012-இல் ஒரு நாள் உங்கள் பகுதி இரயில் நின்றுவிடுகிறது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஹைதர் பாஷா வரையிலான எஞ்சிய பாதையும் மூடப்படுகிறது. ஐரோப்பியக் கரையிலும் அவ்வாறே. பழைய தண்டவாளங்கள் பெயர்க்கப்படுகின்றன. ஒப்பந்தக்காரர் மாறுகிறார், கெடு மாறுகிறது, மீண்டும் மாறுகிறது. நெரிசல் மிகுந்த சாலைகளில் பேருந்துக்காக நீங்கள் நிற்கிறீர்கள். இறுதியில் 2019 மார்ச் 12 அன்று கெப்ஸேயிலிருந்து ஹல்கலி வரை 43 நிலையங்களுடன் முழுப் பாதையும் திறக்கப்படுகிறது. பாதை மூடியபோது முதல் வகுப்பில் சேர்ந்த உங்கள் பிள்ளை இப்போது தொடக்கப் பள்ளியையே முடித்துவிட்டான்!

அதிவேக இரயிலில் வந்தவர் நிலையும் தொடக்கத்தில் மேலானதாக இல்லை. 2014 ஜூலையில் அங்காராவிலிருந்து வண்டி வந்தது. ஆனால் பெந்திக்கோடு நின்றது. மலைகளைக் குடைந்து மிச்சப்படுத்திய நேரத்தை, நகரின் நடுப்பகுதியை அடைவதற்கான எஞ்சிய இருபத்தைந்து கிலோ மீட்டரில் பயணி இழந்தார். 2019-க்குப் பின்னரே அவ்வண்டிகள் நகருக்குள் வந்தன. சில வண்டிகள் மட்டும் கடலடியைக் கடந்து ஹல்கலி வரை நீண்டன. அதே ஆண்டு நவம்பரில் சீனாவிலிருந்து ஐரோப்பா செல்லும் சரக்கு இரயில் ஒன்றும் அச்சுரங்கத்தைக் கடந்தது.

ஹைதர் பாஷா நிலையத்தின் நிலையோ வேறு. 2010-இல் அதன் கூரை தீக்கிரையானது. 2013-இல் இரயில்களும் நின்றன. அதனை நிலையமாகவே காக்க வேண்டும் என்று நகர மக்கள் வாரந்தோறும் கூடிக் குரல் கொடுத்து வந்தனர். அருகில் தோண்டியபோது, பழங்காலக் கல்கதோன் நகரின் எச்சங்களும் கிடைத்தன.

பங்கீட்டின் எல்லை

பகிர்ந்து கொள்வது சிக்கனமானது. எனினும் அதற்கோர் எல்லை உண்டு. மூன்றாவது தடம் ஒன்றே ஒன்றாகையால் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். சுரங்கத்தில் ஓர் அதிவேக வண்டியைக் கூடுதலாக விட்டால், புறநகர் வண்டிகளின் இடைவெளி கூடும். ஆயிரம் பேரின் அன்றாட அவசரம் பெரிதா, நூறு பேரின் நெடும்பயண அவசரம் பெரிதா என்னும் வினாவை அட்டவணை போடுவோர் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். அன்றாடப் பயணிக்கே அங்கு முதலிடம் தரப்பட்டுள்ளது, அது நியாயமே.

இந்த நெருக்கடியை முன்னுணர்ந்துதான், 2016-இல் திறக்கப்பட்ட யாவுஸ் சுல்தான் ஸலீம் பாலத்தின் நடுவே இரண்டு இரயில் தடங்களுக்கு இடம் ஒதுக்கினர். வடக்கே நகரைச் சுற்றிச் செல்லும் புதுப் பாதைக்கு அது அடிகோலியது.

நாம் கேட்க வேண்டிய வினாக்கள்

நாளை உங்கள் ஊர் வழியாகவும் ஒரு விரைவுப் பாதை வரலாம். அப்போது வேகத்தை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பணி நடக்கும் காலத்தில் அன்றாடப் பயணிக்கு மாற்று வழி என்ன? பாதை முழுவதையும் ஒரே நேரத்தில் மூடாமல் பகுதி பகுதியாகப் பணி செய்ய இயலாதா? விரைவு வண்டி ஊரின் நடுவே வருமா, எல்லையிலேயே நின்றுவிடுமா? வழியில் உள்ள பழைய நிலையத்தையும் மண்ணுக்குள் உறங்கும் வரலாற்றையும் காப்பது யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை பெற்ற பின்னரே கெடுவைப் பற்றிப் பேசுங்கள்.

பாதையைப் பங்கிட்டுக் கொள்வது ஒரு வீட்டில் பல சகோதரர்கள் கூடி வாழ்வது போன்றது. விரைந்து செல்பவன் சற்றே நிதானிக்க வேண்டும். நின்று செல்பவன் சற்றே ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் வீட்டைப் புதுப்பிக்கும் நாட்களில் வலுவில்லாதவனை மட்டும் ஆறு ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைப்பது முறையாகாது. இஸ்தான்பூல் அடைந்த வெற்றியைப் போற்றுவோம். அந்நகரத்து எளிய மக்கள் காத்திருந்த ஆண்டுகளையும் மறவாதிருப்போம்.