உண்ணிக்கு மருந்திட்டபின் தேனீக்கள்

கடன் பெற்றுத் தேனீப் பெட்டி வாங்கியவருக்கு, அதிலுள்ள தேனீக்களே முதல். தேன் அதன் வட்டி. அந்த முதலை ஓசையின்றிக் கரைப்பது வர்ரோவா என்னும் செந்நிற உண்ணி. கடுகளவே உள்ள இதனை ஒழிக்க மருந்திட்ட மறுநாள், தேனீக்கள் கூட்டமாக வெளியே தொங்குவதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். அது இயல்பா, அபாயமா என்பதை ஹைதராபாத்தின் போலாரம் போன்ற வெப்பமான இடங்களில் பெட்டி வைத்திருப்போர்க்கு விளக்க விரும்புகிறோம்.

இவ்வுண்ணியின் பூர்வ உறைவிடம் ஆசியாவின் நாட்டுத் தேனீயே. நெடுங்காலப் பழக்கத்தால் நமது இந்தியத் தேனீ உண்ணியைத் தன் உடலிலிருந்து துடைத்தெறியக் கற்றிருக்கிறது. அதன் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களிடத்தே பெருகும். 1960-களில் நம் நாட்டில் வேரூன்றிய இத்தாலியத் தேனீக்கு அத்திறன் குறைவு. புழு அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைந்து, அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. சிறகு சிதைக்கும் நச்சுயிரியையும் அதுவே பரப்புகிறது.

உண்ணி மூடிய அறைக்குள் ஒளிந்திருப்பதே மருத்துவத்தின் சிக்கல். ஆக்சாலிக் அமிலம் தேனீக்களின் மேலுள்ள உண்ணியைக் கொல்லும். மெழுகு மூடியைக் கடவாது. ஆகவே புழுக்கள் குறைந்த காலத்திலேயே அது முழுப் பயன் தரும். ஃபார்மிக் அமிலத்தின் ஆவியோ மூடியையும் ஊடுருவும். அதனாலேயே அதன் தாக்கம் தேனீக்களிடத்தும் மிகுதி.

இந்த ஆவி பரவியதும் தேனீக்கள் வாயிலில் நின்று சிறகை விசிறிக் காற்றை வெளியேற்றும். பெட்டியின் முகப்பில் தாடிபோல் திரண்டு தொங்கும். ராணி சில நாள் முட்டையிடுவதைக் குறைக்கக்கூடும். மூடப்படாத இளம் புழுக்களும் சில முதிர்ந்த தேனீக்களும் மடிவதுண்டு. அடிப்பலகையில் உண்ணிகள் மிகுதியாக உதிர்வது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இவையெல்லாம் சில நாளில் தணியுமானால் அஞ்ச வேண்டியதில்லை.

மாறாக, வாயிலில் தேனீக்கள் குவியலாக மடிந்து கிடந்தாலும், கூட்டம் பெட்டியை விட்டுப் பறக்க முற்பட்டாலும் மருந்தை உடனே எடுத்துவிட வேண்டும். இரு வாரம் கழித்து அடையில் புதிய முட்டை காணாவிடில், ராணி இறந்திருக்கலாம் என்று கொள்ளலாம்.

இவ்வபாயத்தைப் பெருக்குவது வெப்பம். வெயில் ஏற ஏற அமிலம் விரைந்து ஆவியாகும். பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்களில் ஃபார்மிக் அமிலம் தவிர்க்கத்தக்கது. போலாரத்தில் கோடையில் வெப்பம் 40 டிகிரியையும் எட்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களே ஏற்ற காலம். அப்போதும் அன்றைய வானிலையைப் பார்த்தே முடிவு செய்தல் நலம்.

மருந்துக்கு முன் எண்ணிக்கை வேண்டும். ஏறத்தாழ 300 தேனீக்களை வலைமூடியிட்ட புட்டியில் எடுத்து, பொடித்த சர்க்கரை தூவிக் குலுக்கினால் உண்ணிகள் உதிரும். தேனீக்கள் உயிருடன் கூடு திரும்பும். ராணி அவற்றுள் அகப்படாதவாறு பார்த்துக்கொள்க. நூறு தேனீக்கு மூன்று உண்ணிக்கு மேல் இருப்பின் மருந்து தேவை என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. மருந்திடுமுன் தேனறையை அகற்றுக. வாயிலை அகலத் திறந்து வைக்க. கையுறையும் முகக்கவசமும் அணிக. உறையில் குறித்த அளவை மீறற்க.

மருந்திட்ட நாள், அளவு, அன்றைய வெப்பம், உதிர்ந்த உண்ணிகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வரவு செலவைப் பதிவதுபோலவே இதுவும்; அடுத்த ஆண்டு எப்போது, எவ்வளவு என்ற ஐயத்திற்கு அந்த ஏடே விடை கூறும்.