சர்வேயர் விரிக்கும் படம்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் யாராவது நிலம் அளந்தால், அந்த நிலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூட வரப்பில் வந்து நின்றுவிடுவார்கள். சர்வேயர் எஃப்.எம்.பி எனப்படும் புலப்படத்தை விரித்ததும் அதன்மேல் தலைகள் குவியும். "எங்க கொல்லை எதுல வருது சார்?", "அந்தக் கால்வாய் இதுல இருக்கா?" என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து நடந்து பழகிய மண்தான். ஆனாலும் அதைக் காகிதத்தில் பார்க்க இப்படி ஒரு ஆசை!

இதே ஆசைதான் நாவல் வாசகரையும் பிடித்து ஆட்டுகிறது. 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரில், வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து ஓலையோடு புறப்பட்டு, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேர்கிறான். அங்கிருந்து கடம்பூர், குடந்தை, தஞ்சை, கோடிக்கரை என்று அவன் போன வழியை வரைபடத்தில் தேடிப் பிடித்து, இன்றைக்கும் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கதையில் படித்த ஊர் படத்தில் ஒரு புள்ளியாக அகப்பட்டதும், கதைக்கு மண்ணில் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. பக்தியிலும் இந்த ஆசை உண்டு. காசியில் 1936இல் காந்தி திறந்து வைத்த பாரத மாதா கோயிலில் தெய்வச் சிலை கிடையாது. சலவைக்கல்லில் மேடு பள்ளத்தோடு செதுக்கிய நாட்டின் வரைபடம்தான் அங்கே மூலவர்.

காகிதப் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பக்கத்தில் நிலத்துக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் ஒரு கிராமத்தைத் தானம் கொடுத்தான். அந்த ஊரைச் சுற்றி நடந்து, எல்லையில் கல்லும் கள்ளியும் நட்ட செய்தியைக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்த ஊற்றுக்காடு இதோ, வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கிறது. பழைய உத்திரமேரூர் ஊர்ச்சபையில் ஏரியைக் கவனிக்க ஒரு தனி வாரியமே இருந்தது. எந்த மதகிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் போகிறது என்பதை அந்த வாரியத்தார் மனப்பாடமாக வைத்திருந்திருப்பார்கள்.

1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் அந்தச் சீமை முழுவதையும் அளந்தார். ஏறக்குறைய 2,000 கிராமங்கள். வரி வாங்கத்தான் அளந்தார்கள், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஊர் ஊராக வீடுகள், தொழில்கள், ஏரிகள், மானியங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. பின்னாளில் அறிஞர் தரம்பால் அந்தக் கணக்குகளை ஆவணக் காப்பகத்தில் தேடியெடுத்துப் படித்தார். அதன் பிறகு இந்தப் பகுதியின் 18ஆம் நூற்றாண்டு வாழ்க்கை நமக்கு இன்னும் விளக்கமாகத் தெரியவந்தது.

அடுத்து வந்தவர் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோண முறையில் நில அளவையைத் தொடங்கினார். மலை இல்லாத சமவெளியில் உயரத்திலிருந்து பார்க்கக் கோபுரங்கள்தான் அவருக்கு உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமானது. மனிதர் அசரவில்லை. வாரக்கணக்கில் கூடாரத்துக்குள்ளேயே இருந்து தம் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் அந்த எஃப்.எம்.பி.தான். புலத்துக்குள் மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு. அதிலிருந்து வரப்பின் ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாகச் சின்னச் சின்னக் கோடுகள், எல்லாவற்றின் மேலும் நீளம் எழுதியிருக்கும். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க். எல்லைக்கல்லை யாராவது பிடுங்கிப் போட்டாலும், இந்த எண்களை வைத்து அதே இடத்தில் மறுபடி நட்டுவிடலாம். ஏழை விவசாயிக்கு இதைவிடப் பெரிய காவல் எது?

கிராம வரைபடத்தில் இன்னொரு காவலும் இருக்கிறது. ஏரி, அதன் வரத்துக்கால்வாய், வண்டிப்பாதை, மேய்க்கால் புறம்போக்கு எல்லாம் அதில் கோடாக நிற்கின்றன. காஞ்சிபுரத்தைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகும் இந்தக் காலத்தில், தரையில் அழிந்துபோன கால்வாய் பல நேரம் இந்தப் படத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. தூர்ந்த கால்வாயை மீட்கப் போராடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பதும் இதைத்தான்.

புலப்படத்தை இப்போது அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து யாரும் பார்க்கலாம். கிராம வரைபடத்தை நில அளவைத் துறையிடம் பெறலாம். ஏனாத்தூரானாலும் உங்கள் ஊரானாலும் அதைப் பெரிதாக அச்சடித்துப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த கிராம சபைக்கு அதைக் கையோடு கொண்டு போய், ஏரிக்கு வரும் கால்வாய் எங்கே என்று கேளுங்கள்.