யோசேநாபே: எது முந்தி, எது பிந்தி?

ஜப்பானிய மொழியில் ‘நாபே’ என்றால் சட்டி. சட்டியில் வேகும் உணவுக்கும் அதே பெயர்தான். மீன், இறால், மட்டி, காய், காளான், தோஃபு என எல்லாவற்றையும் ஒரே சாற்றில் கூட்டி வேகவைத்தால் அது ‘யோசேநாபே’. குளிர்காலத்து ஜப்பானிய வீடுகளில் இதை அடுப்படியில் ஆக்கி இறக்கிக் கொண்டுவந்து வைப்பதில்லை. சாப்பாட்டு மேசையின் நடுவில் சிறிய எரிவாயு அடுப்பு, அதன்மேல் மண்சட்டி, சுற்றிலும் குடும்பம். வெந்ததை எடுத்துச் சாப்பிடச் சாப்பிட, காலியான இடத்தில் அடுத்ததைப் போடுவார்கள். குழாய் இல்லாமல், கையடக்க எரிவாயுக் குப்பியைச் செருகி எரிக்கும் அடுப்பை இவதானி நிறுவனம் 1969இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இது இன்னும் சுலபமானது.

என்னென்ன போடுவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். எதற்குப் பின் எதைப் போடுவது என்பதில்தான் சமையலே இருக்கிறது.

முதலில் சாறு. அதற்கு அடிப்படை ‘கொம்பு’. பெயரைக் கேட்டதும் தமிழ்க் காது மாட்டின் தலையைத் தேடும். இது ஹொக்காய்டோ தீவைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில் விளையும் பழுப்புக் கடற்பாசி. பட்டை பட்டையாகக் காயவைத்து விற்கிறார்கள். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது. அது மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பை அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் சூடாக்க வேண்டும். சட்டியின் அடியில் பொடிக் குமிழ்கள் ஒட்டத் தொடங்கியதும் கொம்பை எடுத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பாசியின் கூழ்ப்பொருள்கள் இறங்கிச் சாறு வழவழத்துவிடும், கடல் வாடையும் தூக்கலாகிவிடும்.

இந்தச் சாற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் அடங்காத ஒரு சுவை இருப்பதைக் கவனித்தவர் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இக்கேதா. 1908இல் கொம்பிலிருந்து குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் ஷின்தாரோ கொடாமா, 1913இல் ‘கட்சுவோபுஷி’யில் ஐனோசினேட் என்ற இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டறிந்தார். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல இறுகும்வரை காயவைத்துச் சீவுவது. மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பண்டம் புதிதல்ல. இரண்டும் ஒரே மீன், ஏறக்குறைய ஒரே பக்குவம்.

கொம்பை எடுத்த பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, 20 கிராம் கட்சுவோபுஷிச் சீவலைப் போட்டு இரண்டு நிமிடத்தில் வடிகட்ட வேண்டும். தனித்தனியே சுவைத்தால் இரண்டும் சுமார்தான். சேர்ந்தால் உமாமி பல மடங்காகிறது. நாக்கிலுள்ள உமாமி ஏற்பி, பூச்சியைப் பிடிக்கும் செடியின் இலைபோல இரண்டு மடல் கொண்டது. மடல்களுக்கு நடுவே குளுட்டமேட் வந்து உட்கார்ந்ததும் அது மூடிக்கொள்கிறது. ஐனோசினேட் மடல்களின் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டு, மூடியதைத் திறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. மூளைக்குச் செய்தி பலமாகப் போகிறது. வடித்த சாற்றில் சாக்கே என்ற அரிசி மது அரைக் கோப்பை, வெளிர் சோயா சாஸ் மூன்று கரண்டி, கொஞ்சம் மிரின் என்ற இனிப்பு அரிசி மது. இதற்குமேல் மசாலா எதுவும் கிடையாது.

மண்சட்டியை ‘தொனாபே’ என்பார்கள். மியே மாநிலத்தின் இகா பகுதியில் கிடைக்கும் களிமண் பழைய ஏரிப்படுகையின் மண். அதிலிருந்த தாவர மக்குகள் சூளையில் எரிந்துபோய் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. அதனால் சட்டி மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். அதே மாநிலத்தின் யொக்காய்ச்சியில் செய்யும் பான்கோ சட்டிகளில் பெட்டலைட் என்ற லித்தியக் கனிமத்தைக் கலக்கிறார்கள். சூட்டில் அதிகம் விரியாததால் சட்டி வெடிப்பதில்லை. எந்தச் சட்டியானாலும் அடிப்புறம் ஈரமாக இருக்கும்போது அடுப்பில் ஏற்றக் கூடாது. புதுச் சட்டியில் முதலில் கஞ்சி காய்ச்சிப் பழக்குவார்கள். கஞ்சியின் மாவு துளைகளை அடைக்கும். நம் ஊரில் சோறு வடித்த கஞ்சியை ஊற்றிப் பழக்குவதும் இதே கணக்குதான்.

கடலுணவைச் சட்டிக்குத் தயார் செய்வதில் அவசரம் கூடாது. மட்டியை, லிட்டருக்கு 30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் இருட்டான இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கிவிடும். வாய் பிளந்து கிடந்து, தட்டினாலும் மூடாத மட்டி செத்துப்போனது. அதை எறிந்துவிட வேண்டும். குளிர்காலத்தின் பிரதான மீன் ‘தாரா’ எனும் காட். ‘மீன்’ என்ற குறியோடு ‘பனி’ என்ற குறியைச் சேர்த்துத்தான் அதன் பெயரையே எழுதுகிறார்கள். துண்டுகளில் உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, சுடுதண்ணீரை ஊற்றி, உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். மேற்பரப்பு உறைபனி விழுந்ததுபோல் வெளுக்கும். அதனால் இந்த முறைக்கு ‘உறைபனி விழுதல்’ என்று பொருள்படும் ‘ஷிமோஃபுரி’ என்று பெயர். இரத்தக் கசடு, ஒட்டிய செதில், கவிச்சி எல்லாம் இந்தக் குளியலோடு போய்விடும். இதைத் தவிர்த்தால் சாறு கலங்கிப்போகும்.

இனி மேசைக்கு. முதலில் சீன முட்டைகோஸின் தடித்த தண்டு, கேரட், ஷிடாக்கே காளான், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. இவை வேக நேரம் பிடிக்கும். பிறகு மட்டி. இரண்டு ஓட்டையும் இழுத்து மூடிவைத்திருப்பது உயிருள்ள தசை. அது சூட்டில் பிடிவிட்டதும், இணைப்பிலுள்ள நாண் தானாக ஓட்டைத் திறக்கிறது. திறந்த மட்டியிலிருந்து சக்சினிக் அமிலம் சாற்றில் இறங்கி இன்னொரு ருசி சேர்கிறது. நுரையாகத் திரளும் புரதக் கசடை அவ்வப்போது வழித்தெடுக்க வேண்டும்.

அடுத்து மீன். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஆட்டிறைச்சியைவிட மீன்தசையின் இணைப்புத் திசு மிகக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். தசைப் புரதம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும், 60 டிகிரிக்கு மேல் நீரை இழந்து சக்கையாகும். தளதளக்கும் சாற்றில் போட்டால் துண்டு இதழ் இதழாக உதிரும். ஓரத்தில் மட்டும் குமிழியிடும் தீ போதும். இறாலுக்குக் கடிகாரமே தேவையில்லை. அதன் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தின் பிடியில் நீலச் சாம்பலாக ஒளிந்திருக்கிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்படும். முழுக்கச் சிவந்து வளைந்தால் எடுத்துவிடலாம். ஆளிச் சிப்பி மட்டும் விதிவிலக்கு. நோரோவைரஸ் இருக்கக்கூடும் என்பதால் அதன் நடுப்பகுதி 85 முதல் 90 டிகிரியில் 90 வினாடி வேக வேண்டும். பச்சை மீனை எடுக்கும் குச்சியும் சாப்பிடும் குச்சியும் தனித்தனியாக இருப்பது அவசியம். தோஃபுவும் முட்டைகோஸ் இலையும் கடைசியில். சாமந்தி இனத்துக் கீரையான ஷுன்கிகு, சாற்றில் முங்கி எழுந்தால் போதும்.

தொட்டுக்கொள்ள ‘பொன்சு’: யூசு போன்ற எலுமிச்சை இனப் பழச்சாறும் சோயா சாஸும். மீனின் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமின் ஒரு காரம். புளிப்போடு சேர்ந்தால் உப்பாகி ஆவியாக முடியாமல் அடங்கிவிடும். மீன்குழம்பில் புளி செய்யும் வேலையும் இதுதான்.

எதை எப்போது போடுவது, யார் எப்போது எடுப்பது என்று அதிகாரம் செய்யும் ஆள் எல்லா மேசையிலும் ஒருவர் இருப்பார். ஜப்பானியர் அவரை ‘நாபே புகியோ’ என்று கேலி செய்வார்கள். புகியோ என்பது எடோ காலத்து நீதிபதிப் பதவி. நுரையை மட்டும் விடாமல் வழித்துக்கொண்டிருப்பவர் ‘அக்கு தைக்கான்’. தைக்கானும் பழைய அரசாங்கப் பதவிதான்.

சட்டியில் போட்டதெல்லாம் தீர்ந்ததும் விருந்து முடிவதில்லை. கொம்பு, சூரை, மட்டி, மீன், காளான் எல்லாம் இறங்கிய சாறு அப்போதுதான் உச்ச ருசியில் இருக்கும். தண்ணீரில் அலசிப் பிசுக்கைப் போக்கிய சோற்றை அதில் போட்டு, ஒரு கொதி வந்ததும் அடித்த முட்டையைச் சுற்றிலும் ஊற்றி, அடுப்பை அணைத்து மூடிவிடுவார்கள். இதற்கு ‘சோசுய்’ என்று பெயர். முட்டையை மிருதுவாக வேகவைக்க, மண்சட்டியில் மிச்சமிருக்கும் சூடே போதும். ஒரு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து, நறுக்கிய வெங்காயத்தாளைத் தூவிக் கிண்ணத்தில் எடுப்பார்கள்.